மரத்தைச் சுத்தி ஓடிய ரயில்

அமெரிக்காவில் பயிற்சியில் இருந்தப்போ எண்பதைத் தாண்டின நோயாளி ஒருத்தர். பிரஷர் பார்க்க வந்தாலே பேச்சு பொம்மை ரயிலுக்குப் போயிடும். சிவப்பும் வெள்ளியுமா லயனல் கம்பெனி எஞ்சின், கிறிஸ்துமஸ் மரத்தைச் சுத்தி ஓடுமாம். இன்னும் எண்ணெய் போட்டு வெச்சிருக்கார். "நிஜ ரயில்ல கடைசியா எப்போ போனீங்க?"ன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சார். ஞாபகம் வரல. (மறதி நோய் இல்லைங்க, சோதிச்சாச்சு.)

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. சின்ன இழை.

லயனலை 1900ல் நியூயார்க்கில் ஆரம்பிச்சவர் ஜோஷுவா லயனல் கோவன். 1948ல் சாண்டா ஃபே ரயில்வேயோட டீசல் எஞ்சினை அதே நிறத்தில் பொம்மையா இறக்கினாங்க. சக்கைப்போடு போட்டது. நிஜ எஞ்சின் இழுத்தது சூப்பர் சீஃப் மாதிரி வண்டிகளை. சிகாகோ டு லாஸ் ஏஞ்சலஸ், ஹாலிவுட் நட்சத்திரங்கள் போன வண்டி.

அடுத்த பத்து வருஷத்துல எல்லாம் மாறிடுச்சு. 1956ல் நெடுஞ்சாலைச் சட்டம், 1958ல் போயிங் 707. அதே 1958ல் ஹோவர்ட் ஹாஸ்மர்னு ஒரு அரசு விசாரணை அதிகாரி, இப்படியே போனா 1970க்குள்ள பயணிகள் பெட்டியை மியூசியத்துலதான் பார்க்கணும்னு அறிக்கை கொடுத்தார். வீட்லயும் அதே கதை. பசங்க ராக்கெட், ரேஸ் கார்னு போயிட்டாங்க. 1959ல் கோவன் பங்குகளை வித்துட்டு வெளியேறினார்.

"ஜனங்க ஏறல, ரயில் நின்னுச்சு"ன்னுதான் பொதுவா சொல்வாங்க. எனக்கு இதுல பாதி உடன்பாடுதான். இறப்புச் சான்றிதழ்ல உடனடிக் காரணம், அதுக்கு முந்தைய காரணம்னு தனித்தனியா எழுதுவோம். ஆள் குறைஞ்சது முந்தைய காரணம். உடனடிக் காரணம் தபால். நம்ம ஆர்.எம்.எஸ். மாதிரி அங்கேயும் ஓடுற வண்டியிலேயே கடிதம் பிரிப்பாங்க. அந்த வருமானம்தான் பல வண்டிகளுக்கு ஆக்சிஜன். 1967ல் தபால் துறை அதில் பெரும்பகுதியை விமானத்துக்கும் லாரிக்கும் மாத்திடுச்சு. வரிசையா ரயில்கள் நின்னுச்சு. அதுல ஏற ஆள் இருந்த வண்டிகளும் உண்டு.

1971 மே 1, ஆம்ட்ராக் பிறந்துச்சு. மிச்சமிருந்த வண்டிகள்ல ஏறக்குறைய பாதி அன்னிக்கே போச்சு. சூப்பர் சீஃப் தப்பிச்சது. ஆனா சேவை பழைய தரத்துல இல்லைன்னு 1974ல் சாண்டா ஃபே கம்பெனி அந்தப் பேரைத் திரும்ப எடுத்துக்கிச்சு.

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இன்னிக்கும் தினம் ஒரு வண்டி இருக்கு, சவுத்வெஸ்ட் சீஃப்னு பேரு. பெரியவர்கிட்ட சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அது இன்னும் ஓடுதா?"