பொது மருத்துவ நிலையம் (இங்கிலாந்து)

பொது மருத்துவ நிலையம் என்பது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் நோயாளர் முதலில் நாடும் மருத்துவ இடமாகும். அங்கு வாழும் தமிழரின் பேச்சு வழக்கில் இது "ஜீ.பி." அல்லது "சேர்ஜரி" எனப்படுகிறது. அறுவைச் சிகிச்சையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே மருத்துவர் நோயாளரைப் பார்க்கும் இடத்தையும் குறிப்பதால் இப்பெயர் வந்தது. சிறு அறுவைகள் தவிர வேறு அறுவைகள் இங்கு செய்யப்படுவதில்லை. இங்கிலாந்தில் 6,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. ஒரு நிலையத்தில் சராசரியாக ஏறத்தாழ 10,000 பேர் பதிவு செய்துள்ளனர்.

அவசர நிலைகளும் வேறு சில விலக்குகளும் தவிர, மருத்துவமனையில் ஒரு வல்லுநரைக் காண்பதற்கு இந்நிலைய மருத்துவரின் பரிந்துரை தேவை. எனவே நிலையத்தின் தொலைபேசி எடுக்கப்படாவிட்டால், சுகாதார சேவை முழுவதும் மூடப்பட்டதாகவே நோயாளருக்குத் தோன்றும். ஒரு தெருவோர மருத்துவ நிலையத்தின் அன்றாட நிருவாகம் பொதுத் தேர்தல் விவாதங்கள் வரை செல்வதற்கு இதுவே காரணம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றிலும் இத்தகைய நிலையங்கள் இயங்கினாலும் அவற்றின் ஒப்பந்த விதிகள் வேறுபட்டவை.

வரலாறு

1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம் குறைந்த வருமானமுள்ள தொழிலாளர்களுக்கு ஒரு மருத்துவரின் பட்டியலில் பதிவு செய்யும் உரிமையை வழங்கியது. அவர்களது மனைவி, பிள்ளைகளுக்கு இவ்வுரிமை இருக்கவில்லை. அக்காலத்தில் நோயாளர் குறிப்புகளை வைக்கப் பயன்பட்ட சிறிய கடித உறை, சட்டத்தைக் கொண்டுவந்த நிதியமைச்சரின் பெயரால் "லொயிட் ஜார்ஜ் உறை" எனப்பட்டது. கணினி வந்த பின்னரும் பல நிலையங்களின் அலுமாரிகளில் இவ்வுறைகள் நெடுங்காலம் இருந்தன.

1948 சூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது மருத்துவமனைகள் அரசுடைமையாயின. பொது மருத்துவர்களோ அரச ஊழியராவதை ஏற்கவில்லை. அவர்கள் ஒப்பந்தக்காரராகவே தொடர அமைச்சர் அனூரின் பெவன் இணங்கினார். அதேவேளை, ஒரு மருத்துவர் தமது நோயாளர் பட்டியலின் நன்மதிப்பை இன்னொருவருக்கு விலைக்கு விற்கும் வழக்கம் தடை செய்யப்பட்டது.

தொடக்க ஆண்டுகளில் பல நிலையங்களின் நிலை மோசமாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவரான யோசப் கொலிங்ஸ் 1950இல் "த லான்செற்" இதழில் வெளியிட்ட அறிக்கை இதனை வெளிப்படுத்தியது. பட்டியலில் உள்ள தலைகளுக்கே பணம் கிடைத்ததால், கட்டடத்தையோ உதவியாளரையோ மேம்படுத்திய மருத்துவருக்குச் செலவே மிஞ்சியது. 1966ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தம் இதை மாற்றியது. உதவிப் பணியாளர் சம்பளத்தில் 70 விழுக்காட்டையும் கட்டட வாடகையையும் அரசு திருப்பிக் கொடுத்தது. வரவேற்பாளரும் தாதியும் கொண்ட குழு நிலையங்கள் பெருகியது இதன் பின்னரேயாகும். மருத்துவரின் மனைவி ஊதியமின்றித் தொலைபேசிக்குப் பதிலளித்த காலமும் மெல்ல மறைந்தது.

1960களிலிருந்து இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்த மருத்துவர்கள் பலர், உள்ளூர் மருத்துவர்கள் செல்ல விரும்பாத தொழில் நகரங்களிலும் வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் நிலையங்களை நடத்தினர். தேவை மிகுந்த இடத்திலேயே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்னும் "தலைகீழ்க் கவனிப்பு விதி"யை யூலியன் ரியூடர் ஹார்ட் 1971இல் எழுதியதும் அத்தகைய ஒரு பள்ளத்தாக்கில் பணியாற்றியபோதே.

உரிமையும் வருமானமும்

பெரும்பாலான நிலையங்கள் சில மருத்துவர்கள் பங்காளிகளாக நடத்தும் சிறு நிறுவனங்களாகும். ஆயினும் நோயாளரிடம் கட்டணம் பெறுவதில்லை. பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என அரசு பணம் வழங்குகிறது. வயது, பால், நாட்பட்ட நோய்ச்சுமை, ஊர்ப்புறத் தன்மை முதலியவற்றைக் கொண்டு இத்தொகையைச் சீர்செய்யும் கார்-ஹில் சூத்திரம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. வறுமையை அது போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்பது நீண்டகாலக் குறைகூறலாகும்.

ஒருவர் ஆண்டில் ஒரு முறை வந்தாலும் முப்பது முறை வந்தாலும் இத்தொகை மாறுவதில்லை. தேவையற்ற பரிசோதனைகளைச் செய்து பணம் ஈட்டும் தூண்டுதல் இம்முறையில் இல்லை. ஆனால் வாசலில் கூட்டம் கூடும்போது அதற்கேற்ப வருமானமும் கூடுவதில்லை.

2004ஆம் ஆண்டு ஒப்பந்தம் தரப் புள்ளிகளையும் அறிமுகப்படுத்தியது. இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைக் கட்டுக்குள் வைத்தமை போன்றவற்றுக்குத் தொடக்கத்தில் மொத்தம் 1,050 புள்ளிகள் வரை பெற முடிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் பணம் உண்டு. முதலாண்டிலேயே நிலையங்கள் சராசரியாக 91 விழுக்காட்டுப் புள்ளிகளைப் பெற்றன. இதனால் அரசு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகச் செலவிட நேர்ந்தது. ஸ்கொட்லாந்து 2016இல் இம்முறையைக் கைவிட்டது.

அன்றாடப் பணிகள்

நிலையத்தின் ஒப்பந்த வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.00 மணி தொடக்கம் மாலை 6.30 மணி வரையாகும். காலை எட்டு மணிக்குத் தொலைபேசி இணைப்புகள் திறக்கும் கணத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒருசேர அழைப்பர். அன்றைய சந்திப்பு நேரங்கள் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். விரைந்து அழைக்கக் கூடியவருக்கே இடம் கிடைப்பதால், அந்நேரத்தில் பேருந்து ஓட்டுபவர், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புபவர், ஆங்கிலம் பேசத் தயங்குபவர் ஆகியோர் பின்தள்ளப்படுகின்றனர். நோயின் கடுமைக்கும் இவ்வரிசைக்கும் தொடர்பில்லை.

அழைப்பை ஏற்பவர் வரவேற்பாளர். "என்ன பிரச்சினை?" என அவர் கேட்பதைப் பலர் அந்தரங்கத்தில் தலையிடுவதாகக் கருதுகின்றனர். நெஞ்சுவலி உடையவரை அவசர ஊர்திக்கும், சளி உடையவரை மருந்தகத்துக்கும், ஏனையோரை மருத்துவர், தாதி, மருந்தாளர், இயன்மருத்துவர் ஆகியோரில் உரியவரிடமும் அனுப்புவதற்கே இக்கேள்வி கேட்கப்படுகிறது. நிலையத்தில் குறைந்த ஊதியம் பெறுவோருள் ஒருவரான இவரே நாள்தோறும் மிகுதியான கோபத்தை எதிர்கொள்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

மருத்துவரைச் சந்திக்க வழமையாகப் பத்து நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பாதுகாப்பாகப் பணியாற்ற ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு 25 நோயாளருக்கு மேல் பார்க்கலாகாது எனப் பிரித்தானிய மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. பல நாட்களில் இவ்வெண் கடந்துவிடுகிறது.

நோயாளர் கண்ணில் படாத வேலையும் இதற்கு இணையானது. மருத்துவமனைக் கடிதங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், தொடர் மருந்துக் கோரிக்கைகள் ஆகியவற்றை நாள்தோறும் பார்த்து முடிக்க வேண்டும். நிலையத்தின் பெருந்தவறுகள் பல இங்குதான் நேர்கின்றன. மருத்துவமனையில் மாற்றப்பட்ட மருந்து நிலையத்தின் கணினியில் மாற்றப்படாவிட்டால், பழைய மருந்தும் புதிய மருந்தும் ஒன்றாக வழங்கப்படக்கூடும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மெதோட்ரெக்சேட் மருந்தை நாள்தோறும் உட்கொண்டதால் நேர்ந்த இறப்புகளின் பின்னர், 2004இலும் 2006இலும் தேசிய எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. செய்தி வராவிட்டால் பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறது எனப் பொருள்கொள்வதும் ஆபத்தானது. முடிவு வந்து சேராமலோ எவரும் பாராமலோ இருந்திருக்கலாம். நன்கு நடத்தப்படும் நிலையம், புற்றுநோய் ஐயத்தில் அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் மருத்துவமனைக்கு உண்மையில் சென்றாரா என ஒரு பட்டியல் வைத்துச் சரிபார்க்கும்.

48 மணிநேர இலக்கு

சந்திப்புக்கான காத்திருப்பைக் குறைக்கும் முறையொன்றை 1990களில் அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் மார்க் மரே என்னும் மருத்துவர் உருவாக்கினார். அன்றைய வேலையை அன்றே முடிப்பது அதன் அடிப்படை. காத்திருப்பு ஆண்டு முழுவதும் மாறாமல் இரண்டு வாரமாகவே இருக்குமாயின், நாள்தோறும் வருவோரும் பார்க்கப்படுவோரும் சம அளவினரே என்று பொருள். அந்த இரண்டு வாரம் பழைய நிலுவை மட்டுமே. சில வாரங்கள் கூடுதலாக உழைத்து அந்நிலுவையைத் தீர்த்துவிட்டால், அதே மருத்துவர்களைக் கொண்டே காத்திருப்பின்றி இயங்கலாம்.

இங்கிலாந்தில் மருத்துவர் யோன் ஓல்ட்ஹாம் தலைமையில் 2000இல் தொடங்கிய கூட்டுமுயற்சி இம்முறையை நிலையங்களிடையே பரப்பியது. சிறு மாற்றம் ஒன்றைச் சில நாட்கள் செய்துபார்த்து, அளந்து, பின்னரே நிலைப்படுத்துவது அதன் வழி. "மூன்றாவது வெற்றிடம்" ஒரு முக்கிய அளவையாக இருந்தது. முதல் வெற்றிடம் யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வராமற்போனதால் கிடைத்ததாக இருக்கலாம். மூன்றாவது வெற்றிடம் எத்தனை நாட்களுக்கு அப்பால் உள்ளது என்பதே உண்மையான காத்திருப்பைக் காட்டும்.

இதே காலத்தில், 2004இற்குள் எந்த நோயாளரும் 48 மணிநேரத்துக்குள் ஒரு பொது மருத்துவரைக் காண இயல வேண்டும் என அரசு இலக்கு விதித்தது. இலக்கை எட்ட எளிய வழியொன்றைப் பல நிலையங்கள் கண்டன: 48 மணிநேரத்துக்கு அப்பால் முன்பதிவு செய்வதையே நிறுத்திவிட்டன. ஒரு வாரத்தின் பின் மீண்டும் வருமாறு மருத்துவரே சொல்லியிருந்தாலும், நோயாளர் அந்நாள் காலையில் தொலைபேசியுடன் போராட வேண்டியதாயிற்று. 2005 ஏப்ரல் 28 அன்று பிபிசி தொலைக்காட்சியின் தேர்தல் நிகழ்ச்சியில் பெண்ணொருவர் இதை எடுத்துக் கூறியபோது, பிரதமர் டோனி பிளேர் தமக்கு இது புதிய செய்தி என்பதை மறைக்க இயலவில்லை. இலக்கு 2010 சூனில் நீக்கப்பட்டது. காலை எட்டு மணி நெரிசலோ நீங்கவில்லை.

2023 மே மாதத்தில் திருத்தப்பட்ட ஒப்பந்தம், நோயாளரை "நாளை அழையுங்கள்" எனத் திருப்பி அனுப்புவதைத் தடை செய்தது. முதல் தொடர்பிலேயே அடுத்த படி என்னவென்று கூற வேண்டும். வரிசையில் எத்தனையாவது இடம் எனச் சொல்லி, திரும்ப அழைக்கும் வசதியும் கொண்ட தொலைபேசி முறைகள் பரவலாயின. 2025 அக்டோபர் 1 முதல் இணையவழிக் கோரிக்கைப் படிவம் வேலை நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். தொலைபேசியில் நின்ற வரிசையின் ஒரு பகுதி இவ்வாறு கணினித் திரைக்கு மாறியது. அதைப் படித்துத் தரம்பிரிக்கவும் ஒரு மருத்துவர் உட்கார வேண்டும்.

தொடர் கவனிப்பு

விரைவாக எவரையேனும் காண்பதும், தாமதித்தாலும் தம்மை அறிந்த மருத்துவரைக் காண்பதும் ஒன்றோடொன்று மோதும் தேவைகளாகும். இலக்குகள் முன்னதையே அளந்தன. நோர்வேயில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வொன்று, ஒரே பொது மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தோரை ஓராண்டு மட்டும் இருந்தோருடன் ஒப்பிட்டது. முன்னவரிடையே இறப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடும், திடீர் மருத்துவமனை அனுமதி ஏறத்தாழ 28 விழுக்காடும் குறைவாகக் காணப்பட்டன.

2015 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு நோயாளருக்கும் பெயர் குறிப்பிட்ட மருத்துவர் ஒருவர் உள்ளார். ஆனால் அவரையே காண முடியும் என்பதற்கு இது உறுதியன்று. தமது பெயர்குறித்த மருத்துவர் யாரென அறியாதோரும் உளர். சில நிலையங்கள் நாட்பட்ட நோயுள்ளவர்களை மட்டும் பிரித்து, இரண்டு மூன்று மருத்துவர் கொண்ட சிறு குழுவிடம் ஒப்படைக்கின்றன. ஒருமுறை மட்டும் தொண்டை நோவுக்கு வரும் இளைஞருக்குத் தொடர்ச்சி பெரிதல்ல என்பதால் இப்பிரிவினை நியாயமானதே.

மேற்பார்வையும் நோயாளர் குழுக்களும்

ஹைட் நகரில் தனியாக நிலையம் நடத்திய ஹரோல்ட் சிப்மன் 2000இல் 15 நோயாளரைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். கொல்லப்பட்டோர் 215 பேர் என விசாரணை பின்னர் கண்டறிந்தது. நெருங்கிய, நம்பிக்கைக்குரிய குடும்ப மருத்துவர் என்னும் நிலையே அவருக்கு மறைவிடமாக அமைந்திருந்தது. மருத்துவர் தகுதியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளுறுதி செய்யும் முறை 2012 இறுதியில் தொடங்கியது. 2013 ஏப்ரல் முதல் நிலையங்கள் கவனிப்புத் தர ஆணையத்தில் பதிவு செய்து ஆய்வுக்கு உட்படுகின்றன.

நோயாளரே நிலையத்தின் நடத்தையில் பங்குபெறும் குழுக்கள் 1972இல் தொடங்கின. ஒக்ஸ்போர்ட்சயரின் பெரின்ஸ்பீல்ட் ஊரில் மருத்துவர் பீற்றர் பிரிச்சார்ட் அமைத்த குழு முதலாவனவற்றுள் ஒன்று. 2015 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நிலையமும் இத்தகைய குழுவை வைத்திருப்பது ஒப்பந்தக் கடமையாகும். சில இடங்களில் இது பெயரளவிலேயே உள்ளது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றோராக இருப்பதும் உண்டு. நன்கு இயங்கும் குழுக்களோ புரியாத கடித வாசகங்களைத் திருத்துதல், தொலைபேசியின் பதிவுக்குரல் அறிவிப்பைச் சுருக்குதல், தடுப்பூசி நாட்களில் வரிசையை ஒழுங்குபடுத்துதல் போன்றவற்றைச் செய்கின்றன.

பதிவு செய்தல்

நிலையத்தில் பதிவு செய்யக் கடவுச்சீட்டோ, முகவரிச் சான்றோ, குடிவரவு நிலைக்கான ஆதாரமோ தேவையில்லை. இவை இல்லை என்பதற்காக நிலையம் பதிவை மறுக்கக் கூடாது. புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரும் பதிவு செய்து கட்டணமின்றிப் பொது மருத்துவரைக் காணலாம். ஆயினும் வரவேற்பு மேசையில் இவ்வாவணங்களைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் காணப்பட்டது. இதனை மாற்ற "உலக மருத்துவர்கள்" அமைப்பு, ஆவணம் கேட்பதில்லை என உறுதிகூறும் நிலையங்களை ஒரு வலையமைப்பாகச் சேர்த்தது.

1983இற்குப் பின்னர் இலண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹரோ, வெம்பிளி, டூட்டிங் முதலிய பகுதிகளில் குடியேறிய ஈழத்தமிழரிடையே, ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் பெற்றோருக்காக மொழிபெயர்ப்பது வழமை. மருத்துவத்தில் இது விரும்பத்தக்கதன்று. மாதவிடாய், மனச்சோர்வு, சித்திரவதையின் காயங்கள் போன்றவற்றைப் பெற்றோர் பிள்ளையின் வாயால் சொல்ல மாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். பெரும்பாலும் தொலைபேசி வழியே அவர் இணைக்கப்படுவார். சந்திப்பைப் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்புக்கு நேரம் செல்வதால் பத்து நிமிடத்துக்குப் பதில் இரட்டை நேரம் ஒதுக்கும்படியும் கோரலாம்.