மினா ஹப்பார்டின் லாப்ரடார் நிலப்படம்

கனடாவின் கிழக்கிலுள்ள லாப்ரடார் தீபகற்பத்தில், நாஸ்காப்பி, ஜார்ஜ் ஆறுகளின் போக்கை 1905இல் மினா ஹப்பார்ட் அளந்து வரைந்த படம். அவருடைய கணவர் லியோனிடாஸ், 1903இல் நாஸ்காப்பியின் முகத்துவாரத்தைத் தவறவிட்டு வேறொரு சிற்றாற்றில் ஏறி, பட்டினியால் இறந்தார். அன்றைய படங்களில் இந்த உள்நாட்டு நீர்வழிகள் அரைகுறையாகவே இருந்தன.

ஜார்ஜ் எல்சன் உள்ளிட்ட நான்கு துணைவர்களுடன், இரண்டு கேனோ படகுகளில் ஜூன் இறுதியில் புறப்பட்ட மினா, ஆகஸ்ட் இறுதியில் அங்காவா விரிகுடாவை அடைந்தார். செக்ஸ்டன்ட் கருவியால் நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கணித்தார். கடலில் இருப்பதுபோல் தெளிவான தொடுவானம் இல்லாத இடத்தில், சூரியனுக்கும் தட்டையான பரப்பொன்றில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து பாதியாக்குவதே முறை. சீல் ஏரியும் மிச்சிக்காமு ஏரியும் ஒரே வடிநிலத்தைச் சேர்ந்தவை என்பதை அவர் பயணம் நிறுவியது. வெளியுலகுக்குத்தான் இது புதுச் செய்தி. இப்பகுதியின் பழங்குடிகளான இன்னு மக்கள் தலைமுறைகளாக நடமாடிய வழி இது. அதைச் சொல்லாமல் இப்படத்தின் வரலாறு முழுமையாகாது.

1970களில் சர்ச்சில் அருவி மின்திட்டத்துக்காக உருவான ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்தில் மிச்சிக்காமு ஏரி மூழ்கிவிட்டது.