மயிலாடிக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர் யார்?

தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் சபையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால், ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரியின் பெயரைத்தான் நாம் சொல்லப் பழகியிருக்கிறோம். லண்டன் மிஷன் சார்பில் அவர் மயிலாடிக்கு வந்தது 1806இல். ஆனால் அவரை அங்கே அழைத்தது யார்?

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன். பறையர் சமூகத்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டவர், வழியில் தஞ்சாவூரில் உறவினர்களிடம் தங்கினார். அங்கே மிஷனரி கோல்ஹாஃபின் போதனையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தன் சொந்தபந்தங்களிடம் பேசினார். ரிங்கல்தௌபே வரும் முன்பே அங்கே விசுவாசிகளின் சிறு கூட்டம் ஒன்று இருந்தது.

1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே கிளம்பிப் போனார். அடுத்த மிஷனரி வரும்வரை சபையைத் தாங்கியவர் வேதமாணிக்கமே.

இன்று சில வாரப் பயணமாக வெளிநாடு போய், நட்பின் வழியே விசுவாசத்தைப் பகிர்கிறோம் என்கிறார்கள். பகிரட்டும். ஆனால் அந்த நட்பை ஊரில் தங்கி, சாதியின் நடுவே காப்பாற்றுகிறவர் உள்ளூர் மனிதர்தான். அவர் பெயரை உதவியாளர் பட்டியலில் தள்ளும் வரலாற்றை நாம் ஏற்க முடியாது. வேதமாணிக்கத்திலிருந்தே அந்தச் சபையின் கதையைத் தொடங்குவோம்.