மூன்று நாள் கணக்கு: யூதர்களின் நாள் முறையும் சிலுவை நிகழ்வின் தேதியும்

ஆண்டுதோறும் பெரிய வெள்ளியும் ஈஸ்டர் ஞாயிறும் வரும்போது நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஒரு கேள்வியோடு வீடு திரும்புவதுண்டு. வெள்ளிக்கிழமை மாலை இறந்தவர் ஞாயிறு விடியலில் உயிர்த்தெழுந்தார் என்றால் அது ஒன்றரை நாள்தானே, மூன்று நாள் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதே அக்கேள்வி. "அதுதான் பைபிளில் உள்ள முரண்பாடு" என்று நம்மில் பலர் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் சரிதானா?

ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 157-ஆம் வசனம் நமக்கு அறிவிக்கும் செய்தி. இதில் முஸ்லிம்களுக்கு ஐயமில்லை. ஆனால் பிறருடைய வேதத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய காலக் கணக்கை அறிந்து பேசுவதே நீதம். ஆகவே, சுவிசேஷங்கள் சொல்லும் நிகழ்வுகளை அவை சொல்லும் விதத்திலேயே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மஃரிபில் தொடங்கும் நாள்

யூதர்களின் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றில் ஒவ்வொரு நாளும் மாலையை முன்னிட்டே சொல்லப்படுகிறது. பாவநிவாரண நாளின் நோன்பை ஒரு மாலையிலிருந்து மறு மாலை வரை நோற்க வேண்டும் என்று லேவியராகமம் 23:32 கட்டளையிடுகிறது.

இது நமக்குப் புதிதல்ல. நோன்பு தொடங்கும் முன்பே, பிறை கண்ட இரவில் தராவீஹ் தொழுகிறோம். 26-ஆம் நோன்பு திறந்த பின் வரும் இரவை 27-ஆம் இரவு என்கிறோம். வியாழன் மாலை மஃரிப் ஆனதும் ஜும்ஆ நாள் தொடங்கிவிடுகிறது.

இதே கணக்கைச் சுவிசேஷங்களுக்குப் பொருத்தினால் பல விஷயங்கள் தெளிவாகும். வியாழன் இரவின் கடைசி விருந்து, கைது, விசாரணை, சிலுவை, அடக்கம் ஆகிய அனைத்தும் நம் நாட்காட்டியில் இரண்டு தேதிகளில் வருகின்றன. யூதக் கணக்கிலோ அவை ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகின்றன. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதற்குள் உடலை அடக்கம் செய்ய அவசரப்பட்டதும் அதனால்தான். மாற்கு 16:1-இன்படி, ஓய்வு நாள் கழிந்த பிறகே பெண்கள் நறுமணப் பொருட்கள் வாங்கினார்கள். அது சனிக்கிழமை மஃரிபுக்குப் பிந்தைய நேரமாக இருக்கலாம். வாரத்தின் முதல் நாளான ஞாயிறும் அப்போதே தொடங்கிவிடுகிறது.

நாளின் ஒரு பகுதியும் ஒரு நாளே

பகலைச் சூரிய உதயத்திலிருந்து 12 மணிகளாகப் பிரிப்பது அன்றைய வழக்கம். ஒன்பதாம் மணி என்பது பிற்பகல் 3 மணி அளவு. அந்த நேரத்தில் இயேசு இறந்ததாக மாற்கு சொல்கிறது. அப்படியானால் வெள்ளியில் எஞ்சிய சில மணி நேரம் முதல் நாள். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை இரண்டாம் நாள். சனி மாலை முதல் ஞாயிறு விடியல் வரை மூன்றாம் நாள்.

நாளின் ஒரு பகுதியை முழு நாளாக எண்ணுவது யூதர்களிடம் இருந்த வழக்கம். பகலும் இரவும் சேர்ந்தது ஒரு கால அளவு, அதன் ஒரு பகுதியும் முழுமை போன்றதே என்ற கருத்தை ரப்பி எலெயாசர் பென் அசரியாவின் சொல்லாக எருசலேம் தல்மூத் பதிவு செய்துள்ளது. இன்னும் பழைய சான்று எஸ்தர் ஆகமத்தில் உள்ளது. மூன்று நாள் இரவும் பகலும் நோன்பிருக்கச் சொன்ன எஸ்தர், மூன்று நாள் முடியும்வரை காத்திருக்காமல் மூன்றாம் நாளிலேயே அரசனிடம் செல்கிறார் (4:16, 5:1).

"மூன்று நாளுக்குப் பின்", "மூன்றாம் நாளில்" என்ற இரண்டையும் அவர்கள் ஒரே பொருளில் பயன்படுத்தினார்கள். மத்தேயு 27:63-64-இல் யூதத் தலைவர்கள், மூன்று நாளுக்குப் பின் எழுவேன் என்று இயேசு கூறியதாகச் சொல்லி, மூன்றாம் நாள் வரை காவல் வைக்கும்படி பிலாத்துவிடம் கேட்கிறார்கள்.

இரவுகளின் கணக்கு

ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. யோனா, அதாவது யூனுஸ் (அலை) அவர்கள் மீன் வயிற்றில் இருந்ததுபோல் மூன்று பகலும் மூன்று இரவும் என்று மத்தேயு 12:40 சொல்கிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை எண்ணினால் இரவுகள் இரண்டுதான்.

இதற்காகவே சில கிறிஸ்தவக் குழுக்கள் சிலுவை நிகழ்வு புதன்கிழமை நடந்தது என்கின்றன. அப்போது 72 மணி நேரம் நிறைவாகும். ஆனால் லூக்கா 24:21 இதற்கு இடம் தரவில்லை. ஞாயிறன்று எம்மாவு ஊருக்குச் செல்லும் இரு சீடர்கள், அன்று மூன்றாம் நாள் என்கிறார்கள். புதனிலிருந்து அவர்கள் வழக்கப்படி எண்ணினால் ஞாயிறு ஐந்தாம் நாளாகிவிடும். ஆகவே பெரும்பாலான அறிஞர்கள் வெள்ளிக்கிழமையையே ஏற்று, மூன்று பகலும் மூன்று இரவும் என்பதை வழக்குச் சொல்லாகக் கொள்கிறார்கள்.

நமக்கும் இது விளங்காத ஒன்றல்ல. ஸகரிய்யா (அலை) அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அத்தாட்சியை ஆலு இம்ரான் அத்தியாயம் (3:41) மூன்று நாட்கள் என்றும், மர்யம் அத்தியாயம் (19:10) மூன்று இரவுகள் என்றும் குறிப்பிடுகின்றன. நாள் என்றால் அதன் இரவும் அடங்கும், இரவு என்றால் அதன் பகலும் அடங்கும் என்று இவ்விரண்டையும் இணைத்தே நாம் விளங்கிக்கொள்கிறோம். நம் வேதத்தில் மொழி வழக்கை ஏற்கும் நாம், பிறர் வேதத்தில் அதை மறுப்பது முறையாகாது.

நிசான் 14-ஆ, 15-ஆ?

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பஸ்கா ஆட்டை நிசான் மாதம் 14-ஆம் நாள் பிற்பகலில் அறுப்பார்கள். சூரியன் மறைந்து 15-ஆம் நாள் பிறந்ததும் அந்த இரவில் உண்பார்கள்.

மாற்கு 14:12-இன்படி, ஆடு அறுக்கும் நாளில் சீடர்கள் விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். அப்படியானால் கடைசி விருந்தே பஸ்கா விருந்து. மறுநாள் பகலில் நடந்த சிலுவை நிகழ்வின் தேதி நிசான் 15. ஆனால் யோவான் 18:28-இன்படி, விசாரணை நடந்த காலையில் யூதத் தலைவர்கள் இன்னும் பஸ்காவை உண்ணவில்லை. தீட்டுப்படாமல் இருப்பதற்காகவே பிலாத்துவின் மாளிகைக்குள் அவர்கள் நுழையவில்லை. அப்படியானால் அன்று நிசான் 14.

நாள் மாலையில் தொடங்குகிறது என்பதை அறிந்த பிறகும் இந்த ஒரு நாள் வேறுபாடு தீரவில்லை. சொல்லப்போனால், அதை அறிந்தால்தான் வேறுபாடே தெளிவாகத் தெரிகிறது. 1957-இல் பிரெஞ்சு அறிஞர் அன்னி ஜொபேர், அக்காலத்தில் இரு வேறு நாட்காட்டிகள் புழக்கத்தில் இருந்ததைக் கொண்டு இதை விளக்க முயன்றார். கடைசி விருந்து செவ்வாய் மாலையில் நடந்தது என்பது அவர் முடிவு. அதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை.

மணிக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி, அதாவது காலை 9 மணி அளவு என்கிறது மாற்கு 15:25. ஏறத்தாழ ஆறாம் மணி வரை பிலாத்துவின் முன் விசாரணை நடந்ததாகச் சொல்கிறது யோவான் 19:14.

எந்த ஆண்டு?

பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அந்த ஆண்டுகளில் நிசான் 14 எப்போது வெள்ளிக்கிழமையில் வந்திருக்கும் என்று வானியல் கணக்கிட்டவர்கள் முக்கியமாக இரு தேதிகளைத் தருகிறார்கள்: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. இரண்டும் யோவானின் கணக்கை ஒட்டியவை. நிசான் 15 என்று கொண்டால் ஆண்டு மாறிவிடும். அன்று மாதம் பிறை பார்த்தே தொடங்கியது. தேவைப்படும்போது ஆண்டில் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளவும் செய்தார்கள். பிறை விஷயத்தில் ஒரு நாள் முன்பின் ஆவது நாம் அறிந்ததுதானே. ஆகவே இத்தேதிகளை உறுதியானவை என்று சொல்ல இயலாது.

நாம் எப்படிப் பேசுவது?

கிறிஸ்தவ அண்டை வீட்டாரிடமோ நண்பர்களிடமோ உரையாடும்போது, ஒன்றரை நாள் எப்படி மூன்று நாளாகும் என்ற வாதத்தை விட்டுவிடுவதே நல்லது. அவர்களுடைய நாள் முறையிலேயே அதற்கு விடை இருக்கிறது. அதைத் தெரிந்த ஒருவர் நம் வாதத்தை எளிதில் மறுத்துவிடுவார். அதன்பின் நாம் சொல்லும் சரியான கருத்துகளுக்கும் மதிப்பிருக்காது. தேதியிலும் மணியிலும் சுவிசேஷங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மரியாதையோடு கேட்கலாம். அதைக் கிறிஸ்தவ அறிஞர்களே வெளிப்படையாக விவாதிக்கிறார்கள்.

ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நம் ஈமான் இந்தக் கூட்டல் கழித்தலில் நிற்கவில்லை. அல்லாஹ்வின் வசனத்தில் நிற்கிறது. ஒரு சமூகத்தார் மீதுள்ள மனக்கசப்பு நீதி தவற நம்மைத் தூண்டக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் (5:8) எச்சரிக்கிறது. பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும்போதும் அந்த நீதத்தைக் கடைப்பிடிப்போமாக.