கர்னல்: பதவியா, பட்டமா?

கிரிக்கெட் வீரர் தோனியையும் சோஃபியா குரைஷியையும் ஒரே மூச்சில் ‘கர்னல்’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஒன்று கௌரவம், மற்றது உத்தியோகம். ராணுவ ஆசை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்தியத் தரைப்படையில் லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் ஆகிய நான்கு படிகளுக்கு மேலே இருப்பது கர்னல் பதவி. தோளில் அசோகச் சிங்கமும் இரண்டு நட்சத்திரங்களும் இருக்கும். லெப்டினன்ட் கர்னல் வரை பணிக்காலத்தை வைத்தே உயரலாம். அதற்கு மேல் பெரும்பாலும் தேர்வுக் குழு பொறுக்கி எடுத்தால்தான் உண்டு. சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியனை நடத்துபவர் கர்னலே. கடற்படையில் இவருக்கு இணையானவரின் பெயர் ‘கேப்டன்’. குழப்பம் இங்கேதான் வருகிறது!

தீர்த்தமலை இருக்கும் தருமபுரிச் சீமைக்கு ராணுவப் பதவிப் பெயர்கள் புதிதல்ல. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது. நிலவரி நிர்வாகத்துக்கு வந்தவர்கள் ராணுவ அதிகாரிகள்: கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளராக தாமஸ் மன்றோ. தருமபுரியில் வரிக்கணக்குப் பார்த்த மன்றோ பின்னாளில் கர்னலாகி, 1820-இல் சென்னை மாகாண ஆளுநரானார்.

வெள்ளையர் தந்த கான்பகதூர், ராவ்பகதூர் பட்டங்கள் அவர்களோடு போயின. அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அரசு பட்டம் வழங்குவதைத் தடுக்கிறது. ராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு மட்டும் விலக்கு. அந்த வழியில்தான் பிராந்திய ராணுவம் 2009-இல் மோகன்லாலுக்கும் 2011-இல் தோனிக்கும் கௌரவ லெப்டினன்ட் கர்னல் தகுதியை வழங்கியது. பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் தேசிய மாணவர் படை கௌரவ கர்னல் தகுதி தருவதுண்டு.

சோஃபியா குரைஷி ஏறியது வேறு ஏணி. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயின்று 1999-இல் அதிகாரியானவர். 2016-இல் புனேயில் நடந்த பன்னாட்டுப் பயிற்சியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் விவரங்களை நாட்டுக்குச் சொன்னபோது அவர் கர்னல்.

பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். தேர்வு, பிளஸ் டூ படிப்பவர்களுக்கு என்.டி.ஏ. தேர்வு. இரண்டையும் யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. என்.டி.ஏ. தேர்வை 2021 முதல் பெண்களும் எழுதுகிறார்கள். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 900 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 300 கணிதத்துக்கு.