ஏரி வாரியமும் ஆழ்துளைக் கிணறும்

பொதுச்சொத்தைக் காப்பார் எவருமிலர். ஆகவே அது அழிந்தே தீரும் என்பது ஒரு வாதம். 1968-இல் அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை இவ்வாதத்தை உலகெங்கும் பரப்பிற்று. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூட்டுவர். முடிவில் புல்லே எஞ்சாது என்றார் அவர். நம் ஏரிகளின் வரலாறு இதற்குத் தரும் விடையைக் காண்போம்.

முதற் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை. அவை கூறும் குடவோலை முறையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவ்வோலைகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதையோ நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அதன் உறுப்பினர் அறுவர், பதவிக்காலம் ஓராண்டு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் தேர்வுக்கு நிற்க இயலாது. ஊரார் நற்குணத்தை மட்டும் நம்பி ஏரியை ஒப்படைத்துவிடவில்லை, கணக்குக் கேட்டார்கள்.

இதனைப் பொற்காலமெனப் போற்றவும் நமக்கு மனம் வரவில்லை. வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டுமென்பது விதி. நிலமற்ற உழைப்பாளியின் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை.

எனினும் ஏரியின் இயல்பே கூட்டுறவை வேண்டிற்று. கோடையில் வண்டல் எடுத்தால் வயலுக்கு எரு, ஏரிக்கோ கொள்ளளவு. கலிங்கு வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரியை நிரப்பும். குடிமராமத்து இவ்வாறு நடந்த பணியே. ஆங்கிலேயர் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றினர். ஊரின் கடமை அரசின் ஆணையாயிற்று. பராமரிப்பு மெல்ல மெல்லப் பொதுப்பணித் துறையின் பொறுப்பாயிற்று.

பின்னர் மின் இறைப்பிகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. ஒருவர் நூறடி தோண்டினால் அண்டைக் காட்டுக்காரர் இருநூறடி தோண்டினார். கடன் மிஞ்சியது, நீர் இறங்கியது. ஹார்டினின் வாதம் இங்கே பலித்தது. ஏனெனில் நிலத்தடி நீருக்கு வாரியம் இல்லை. விதிகளைத் தாமே வகுத்து, தாமே கண்காணிக்கும் மக்களிடம் பொதுவளம் நீடிக்கும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

தமிழக அரசு 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரை மீட்டது. கரையை உயர்த்த இயந்திரம் போதும். நிலத்தடி நீரும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏரிதான். அதற்கு யார் கணக்குக் கேட்பது, அந்த ஓலையில் இம்முறை எவர் பெயரெல்லாம் ஏறும் என்பனவே நாம் விடை காண வேண்டிய வினாக்கள்.