ஒப்புக்குச் சப்பாணி

விளையாட்டு என்றவுடன் வெற்றி தோல்விகளே நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும், வெல்லவல்லவர் தம் வலிமையின் ஒரு பகுதியைத் தாமே குறைத்துக்கொண்டு புதியவரோடு ஆடும் வழக்கமும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவ்வழக்கைத் தமிழ் மண்ணிலிருந்து தொடங்கிக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த தெருக்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களிலும் சிறுவரிடையே வழங்கும் தொடர் ‘ஒப்புக்குச் சப்பாணி’. ‘உப்புக்குச் சப்பாணி’ எனத் திரித்து வழங்குவோரும் உண்டு. கண்ணாமூச்சியிலோ ஓடிப்பிடிக்கும் ஆட்டத்திலோ வயதில் மிகச் சிறிய ஒருவரைச் சேர்த்துக்கொள்ள நேரும்போது இப்பெயர் பிறக்கிறது. அக்குழந்தை ஓடலாம், ஒளியலாம், கூச்சலிடலாம். ஆனால் பிடிபட்டாலும் அது கணக்கில்லை. சப்பாணி என்பது கால் முடங்கியவரைக் குறிக்கும் சொல். பிள்ளைத்தமிழின் நான்காம் பருவமாகிய சப்பாணியோ குழந்தை கைகொட்டி மகிழும் பருவம். இரக்கமும் கொண்டாட்டமும் ஒரே சொல்லில் கலந்திருப்பது நோக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான நெறியைப் பல்லாங்குழியிற் காண்கிறோம். பதினான்கு குழிகளிலும் சம அளவில் காய்களை இட்டே ஆட்டம் தொடங்குகிறது. ஒரு சுற்று முடிந்ததும், தோற்றவர் தம்மிடம் எஞ்சிய காய்களைக் கொண்டு எத்தனை குழிகளை நிரப்ப இயலுமோ அத்தனையையே நிரப்புவார். ஏனையவை வெறுங்குழிகளாய்க் கிடக்கும். இழந்தவர் அடுத்த சுற்றுக்கு இன்னும் மெலிந்தவராகவே வருகிறார். தனியுடைமை தோன்றிப் பரவிய சமூகத்தின் சாயலை இவ்வாட்டத்திற் கண்டவர் பேராசிரியர் தொ. பரமசிவன், 1997இல் வெளிவந்த ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் இக்கருத்து இடம்பெறுகிறது. ஆகவே, மெலியாரை அரவணைக்கும் ஆட்டமும் மேலும் மெலியச் செய்யும் ஆட்டமும் ஒரே தெருவில், ஒரே பிள்ளைகளால் ஆடப்பட்டன எனலாம்.

மேலைநாட்டில் இவ்வழக்கத்துக்கு வாய்த்த சொல் ‘ஹேண்டிகேப்’. தொப்பிக்குள் கையிடுதல் என்பது அதன் அடிப்பொருள். இருவர் பண்டமாற்று செய்கையில், நடுவர் ஒருவர் மதிப்பு வேறுபாட்டைக் கணித்துச் சமன்செய்யும் விளையாட்டு அது. சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் 1660ஆம் ஆண்டிலேயே அதனைக் குறிக்கிறார். பின்னர் அச்சொல் குதிரைப் பந்தயத்துக்குச் சென்றது. வலிய குதிரையின் சேணத்தில் ஈயக் கட்டிகளால் சுமையேற்றிப் பிற குதிரைகளோடு ஓடவிடும் அம்முறையைக் கிண்டிப் பந்தயத் திடலும் அறியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே சொல் உடற்குறையுடையோரைச் சுட்டுவதாயிற்று. வலியவன் மேல் ஏற்றிய சுமையின் பெயர், எளியவனின் குறைக்குப் பெயராகிவிட்டது! தமிழ்ச் சிறுவர் செய்ததோ இதற்கு மறுதலை: குறையைச் சுட்டிய சொல்லை எடுத்து, ஆட்டத்தில் ஓர் இடத்துக்குப் பெயராக்கினர்.

சதுரங்கத்திலும் இம்மரபு வேரூன்றியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் குதிரையையோ சிப்பாயையோ பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஆடுதல் பெருவழக்கு. அமெரிக்கரான பால் மார்பி, ஐரோப்பாவை வென்று 1859இல் நாடு திரும்பியபின், ஒரு சிப்பாயையும் முதல் நகர்த்தலையும் விட்டுக்கொடுத்தே இனி எவரோடும் ஆடுவதாக அறிவித்தார். அதில் கனிவைக் காட்டிலும் பெருமிதமே மிகுதி. சப்பானியரின் ‘கோ’ ஆட்டத்திலோ இது செம்மையானதொரு முறையாகவே வளர்ந்தது. புதியவர் ஆட்டம் தொடங்குமுன்னரே பலகையில் குறித்த புள்ளிகளில் இரண்டு முதல் ஒன்பது கற்கள்வரை வைத்துக்கொள்ளலாம். கற்றுத் தேறத் தேற அக்கற்கள் ஒவ்வொன்றாய்க் குறையும். நேற்று ஆறு, இன்று ஐந்து என்பதே மாணவனின் வளர்ச்சிக்கு அளவுகோல்.

விட்டுக்கொடுத்தலும் வேண்டுமென்றே தோற்றலும் ஒன்றல்ல என்பது இங்கே புலனாகும். முன்னது இருவரும் அறிய, ஆட்டத்துக்கு முன்னரே நிகழ்வது. அதன்பின் வலியவரும் முழுத்திறனோடு ஆடுவார். பின்னது ஒருவர் மட்டும் அறிந்த நாடகம். அதில் பெற்ற வெற்றி, உண்மை தெரியவரும் நாளில் தோல்வியினும் கசக்கும்.

‘சலுகை எதற்கு? தோற்றுத் தோற்றே கற்கட்டும்’ என்பாரும் உளர். அவர்கள் கூற்றுக்கும் சான்றுண்டு. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன், 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கு விரைவாட்டத்தில் வென்றவர் இருக்கையில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து மீண்டும் வரிசையில் நிற்கவேண்டும். சிறுவராய் அங்கு ஆடிய விசுவநாதன் ஆனந்த் இதனை நினைவுகூர்ந்துள்ளார். எனினும், எழுந்தபின் மீண்டும் வந்து நிற்கும் துணிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. வாராமற்போனவர்களின் பெயர்களை எந்த வரலாறும் எழுதுவதில்லை.

கவிதை உலகிற்கும் இது பொருந்தும். வல்லூர்த் தேவராசப் பிள்ளையின் பெயரால் வெளிவந்த குசேலோபாக்கியானத்தை இயற்றியவர் அவர்தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்பது தமிழறிஞர் அறிந்த செய்தி. ஆசிரியரின் வள்ளன்மை பெரிது, நூலும் சிறந்தது. ஆயின் மாணவர்க்காக ஆசிரியரே ஆடி முடித்த ஆட்டத்தில் மாணவர் கற்றது எவ்வளவு?

நம் அரங்குகளில் முதற்கவிதையோடு எழுந்து நிற்கும் இளையவர்க்கு நாம் வழங்குவது பெரும்பாலும் கைதட்டல். தளை தட்டியதைச் சொல்லாமல் தட்டும் அந்தக் கை, அவரை என்றும் ஒப்புக்குச் சப்பாணியாகவே நிறுத்திவிடும். ‘இவ்வாண்டு யாப்புப் பிழைகளைப் பொறுத்துக்கொள்வோம்; அடுத்த ஆண்டு பொறுக்கமாட்டோம்’ என்று முன்னரே சொல்லிவிட்டு, முழுக்கவனத்தோடு அவர் கவிதையைத் திறனாய்தல் வேறு. அது கோ ஆட்டத்தின் நெறி. பத்தாண்டு கண்ட நம் வட்டம், இனிவரும் பத்தாண்டில் புதியவர் முன் வைக்கும் கற்களை வெளிப்படையாக எண்ணி வைக்கட்டும். ஆண்டுதோறும் ஒன்றைக் குறைக்கவும் தயங்காதிருக்கட்டும்.